செப்பாங் 15-ஆம் வளைவில் பிரேக் போனது ஏன்? ஒரு ஸ்விஃப்ட், இரண்டு ஓட்டுநர்கள்

சிங்கப்பூரிலிருந்து நம் கூட்டம் மலேசியாவின் செப்பாங் பந்தயக் களத்துக்குப் போன டிராக் டேயில் (சொந்தக் காரைக் களத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்), காலை பத்தே முக்கால் வாக்கில், வெள்ளை சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்று 15-ஆம் வளைவில் திரும்பாமல் நேராகச் சரளைக்குள் போய் நின்றது. பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடித்தட்டு கிழிந்தது, முன் பம்பரின் கீழ் விளிம்பு உடைந்தது, நாலு சக்கரத்துக்குள்ளும் கல். சிவப்புக் கொடி காட்டி செஷனை நிறுத்தினார்கள். இழுவை வண்டி வந்து கொக்கியில் கயிறு மாட்டி வெளியே இழுத்தது. அவ்வளவுதான் சேதம்.

ஆனால் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆளுக்கொரு காரணம் கிளம்பிவிட்டது. மலிவான பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) என்றார் ஒருவர். புது ஆள், பிரேக்கில் காலை வைத்தே ஓட்டியிருப்பார் என்றார் இன்னொருவர். கார் தெருவுக்குச் செய்தது, களத்துக்கு இல்லை என்று வழக்கமான தீர்ப்பும் வந்தது. அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் பலர் ஒரு காரை இருவராகப் பங்கு போட்டு ஓட்டப் போவதால், இதை அப்படியே விடக்கூடாது என்று காணொளிகள், ஜிபிஎஸ் பதிவு, கழற்றிப் பார்த்த பாகங்கள், இரண்டு ஓட்டுநர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தோம். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன்: காரைப் பங்கு போட்டபோது செலவு பாதியானது, சூடு இரட்டிப்பானது. முதல் கணக்கை எல்லாரும் போட்டார்கள். இரண்டாவதை யாரும் போடவில்லை.

ஆட்களின் பெயரை விட்டுவிடுகிறேன். நம் கூட்டத்தில் எப்படியும் காரை வைத்துத்தான் அடையாளம்.

காரும் ஆட்களும்

காரின் சொந்தக்காரர் செங்காங்கில் இருக்கும் தம்பி. கூட ஓட்டியவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர். தம்பி அவரை அத்தான் என்று கூப்பிடுவதால் அன்று பிட்டில் (களத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் இடம்) இருந்த எல்லாருக்கும், மலாய்க்கார மெக்கானிக் உட்பட, அவர் அத்தான்தான். மற்ற கார்கள்: ஐம்பதைத் தாண்டிய சிவிக் அண்ணனின் ஹோண்டா சிவிக் எஃப்டி2 டைப் ஆர், டொயோட்டா 86 வைத்திருக்கும் அக்கா, மாஸ்டா எம்எக்ஸ்-5 மாமா.

ஸ்விஃப்ட் வாரநாட்களில் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கும் போகும் குடும்பக் கார். செப்பாங் பிட்டில் முதல் வேலையாகத் தம்பி பின்னிருக்கையிலிருந்து பிள்ளையின் கார் சீட்டைக் கழற்றி, ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்தார். நாள் முழுக்க அதில் ஹெல்மெட்தான் உட்கார்ந்திருந்தது.

சிங்கப்பூரில் இரண்டாவது கார், அதுவும் டிராக்குக்கென்று தனிக் கார் என்பது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ உரிமைச் சான்றிதழ் 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. அது பத்து வருடம் ஓட்டும் உரிமைக்கு மட்டும். காரின் விலை தனி. அதனால் மச்சான், மாமன், அலுவலகக் கூட்டாளி என்று இரண்டு பேர் ஒரு காரில் போவது இங்கே இயல்பாக வளர்ந்த பழக்கம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பங்கு இல்லாவிட்டால் பாதிப் பேர் டிராக்கையே பார்த்திருக்க மாட்டார்கள்.

நமக்கென்று இங்கே நிரந்தரக் களமும் இல்லை. அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்தது. இன்று ஓல்டு அப்பர் தாம்சன் சாலையில் அந்தப் பழைய வளைவுகளை எம்எக்ஸ்-5 மாமா ஒவ்வொரு முறையும் கை நீட்டிக் காட்டுவார். 2008 முதல் மரினா பேயில் இரவில் ஃபார்முலா 1 நடக்கிறது; 2012-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே ஓட்டி, பாதியில் சுவரில் மோதி வெளியேறினார். ஆனால் அந்தத் தெருக்கள் வேடிக்கை பார்க்கத்தான். நாம் ஓட்ட வேண்டுமானால் துவாஸ் எல்லை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும்.

செப்பாங் 1999-இல் திறந்தது. ஹெர்மன் டில்கெ வடிவமைத்த களம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 2017 வரை மலேசிய கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. பிரேக்கைப் பொறுத்தவரை அதன் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு நீள நேர்ப்பாதைகள், நடுவில் ஒரே கொண்டை ஊசி வளைவு, அதுதான் 15. பின் நேர்ப்பாதைக்கு முன்னால் 14-இல் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். நேர்ப்பாதை முடிவில் 15-இல் கடுமையாகப் பிடிக்க வேண்டும். அடுத்த நேர்ப்பாதை முடிவில் முதல் வளைவில் மறுபடியும். சுற்றின் கடைசியில் தொடங்கி அடுத்த சுற்றின் தொடக்கம் வரை மூன்று பெரிய பிரேக் வரிசையாக வந்துவிடும். வேகம் காட்டத் தெரிந்த புது ஆளுக்கு இது பெரிய பொறி.

அன்றைய வரிசை

வெள்ளி இரவே எல்லை தாண்டி நீலாயில் தங்கினோம். முக்கால் டாங்க் பெட்ரோல், விஇபி நுழைவு அனுமதி, டச் அண்ட் கோ சாலைக்கட்டண அட்டை எல்லாம் எல்லாருக்கும் பழகியவை. அதில் கதை ஒன்றும் இல்லை.

ஏற்பாட்டாளர்கள் மூன்று குழு வைத்திருந்தார்கள். ஏ குழு அனுபவசாலிகள், பி நடுத்தரம், சி புதியவர்கள். ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொரு குழுவுக்கும் 20 நிமிடம், ஏ, பி, சி என்ற வரிசையில். தம்பி ஏற்கெனவே ஓட்டியிருப்பதால் பி. அத்தானுக்கு அதுதான் முதல் டிராக் டே, ஆகவே சி. இரண்டும் சரியான முடிவு. தனித்தனியாகப் பார்த்தால்.

சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது? பி முடியும் நிமிடத்தில் சி தொடங்குகிறது. தம்பி உள்ளே வந்தவுடன் அத்தான் வெளியே போகிறார். கார் ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் ஓடுகிறது, அதுவும் விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சில். கூட வந்த மற்ற கார்களுக்கு 20 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு 40 நிமிட ஓய்வு. ஸ்விஃப்டுக்கு அது தலைகீழ்.

முதல் மணியில் ஒன்றும் ஆகவில்லை. முன்னால் வழிகாட்டிக் கார் விட்டு மெதுவாகச் சுற்ற வைத்த செஷன் அது. அதனால்தான் இரண்டாவது மணியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "போன தடவையும் இப்படித்தானே போனோம்" என்றார் தம்பி பிறகு. உண்மைதான். ஆனால் போன தடவை இருவரும் முழு வேகத்தில் போகவில்லை.

இரண்டாவது மணியில் தம்பி நன்றாக ஓட்டினார். பதிவைப் பார்த்தால் அன்றைய அவருடைய வேகமான சுற்றுகள் அதில்தான். கடைசிச் சுற்றையும் அதே வேகத்தில் முடித்து, செஷன் முடிந்ததைக் காட்டும் செக்கர் கொடி பார்த்து, ஒரு சுற்று சுமாராகக் குறைத்து பிட்டுக்கு வந்தார். அங்கே நடந்த ஆள்மாற்றம் காணொளியில் முழுசாக இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தம்பி பிரேக்கை மிதித்தபடி பெல்ட்டைக் கழற்றுகிறார், பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குகிறார்.

"அத்தான், சீட்டைக் கொஞ்சம் முன்னால இழுத்துக்குங்க. மூணாவது கியர்லயே வாங்க, நாலுக்கு அவசரப்படாதீங்க."

"சரி மாப்ளே. இந்த வாரை மட்டும் இறுக்கி விடு."

அவ்வளவுதான் பேச்சு. கார் நகர்கிறது.

அத்தானுடைய மூன்றாவது வேகச் சுற்றில் 9-ஆம் வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. இது அவரே சொன்னது. 14-இல் ஒருமுறை விட்டு மறுபடியும் மிதித்தார், பிடித்தது. பின் நேர்ப்பாதையில் முழு ஆக்ஸிலரேட்டர். 15-க்கு முன்னால் 150 மீட்டர் பலகை தாண்டும்போது மிதித்தார். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போனது.

அந்த இடத்தில் ஸ்விஃப்ட் மணிக்கு 170 கிலோமீட்டர் வாக்கில் வரும். நொடிக்கு 47 மீட்டர். பலகைக்கும் வளைவுக்கும் இடையே மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் அத்தான் செய்ததைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு: இரண்டு தடவை விட்டு மிதித்தார், கொஞ்சம் பிடித்தது, கியரை நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கினார், திரும்பப் பார்க்காமல் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டே சரளைக்குள் விட்டார். அந்த வேகத்தில் திருப்பியிருந்தால் கார் பக்கவாட்டில் சரளைக்குள் நுழைந்து உருண்டிருக்கலாம். காலையில் விளக்கக் கூட்டத்தில் "போகிறதென்றால் நேராகப் போங்கள்" என்று சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். நம்மில் பாதிப் பேர் அந்த நேரத்தில் கோப்பி வாங்கிக்கொண்டிருந்தோம்.

எது இல்லை

ஆளாளுக்குச் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம்.

பேட் சூடேறி வழுக்கியிருந்தால் பெடல் உறுதியாக நின்றிருக்கும். அழுத்த அழுத்தக் கார் மட்டும் நிற்காது. இங்கே பெடலே இறங்கிப்போனது. கழற்றிப் பார்த்தபோது பேடில் தடிப்பும் போதுமான அளவு இருந்தது, மேற்பரப்பு பளபளத்து இறுகவும் இல்லை. மலிவான பேட் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சொல்லப்போனால் தம்பி இந்தப் பயணத்துக்கென்றே நல்ல சூடு தாங்கும் பேட் போட்டிருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்காவது கசிவா? பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையவில்லை. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைச் சுற்றியும் ஹோஸ் முனைகளிலும் ஈரம் இல்லை.

சக்கர பேரிங் ஆடி, ஓரக்கட்டையில் ஏறி இறங்கும்போது டிஸ்க் பேடைப் பின்னால் தள்ளிவிட்டதா? சிவிக் அண்ணனின் சந்தேகம் இது. அவர் காரில் ஒருமுறை நடந்திருக்கிறது. அப்படியிருந்தால் ஒரே ஒருமுறை விட்டு மிதித்தாலே பெடல் முழுசாக மேலே வந்திருக்கும். இங்கே இரண்டு தடவை மிதித்தும் அரைகுறையாகத்தான் பிடித்தது. பேரிங்கிலும் ஆட்டம் இல்லை.

பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிய விட்டுவிட்டதா? விட்டிருந்தால் ஆறின பிறகும் பெடல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். ஆனால் சரளையிலிருந்து இழுத்து வந்து அரைமணி நேரம் ஆனபோது பெடல் ஏறக்குறைய பழையபடி நின்றது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். பிரேக் ஆயில் கொதித்தது. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும்; பேட் வரை வந்து சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். எல்லா அறிகுறியும் இதோடுதான் ஒத்துப்போகிறது.

ஏன் கொதித்தது

முதலில் எவ்வளவு சூடு என்று பார்ப்போம். ஆளோடு சேர்த்து ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்குச் சற்று மேல். மணிக்கு 170-லிருந்து 70-க்கு இறக்கினால் ஏறக்குறைய 1 மெகாஜூல் ஆற்றல் வெளியே போக வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. சில நொடிக்குள், பெரும்பங்கு முன்பக்கத்து இரண்டு டிஸ்க்கில். இது ஒரே ஒரு வளைவுக்கு. டிஸ்க் அதைக் காற்றுக்குக் கொடுக்க நேரம் வேண்டும். காற்று ஓட வேண்டும்.

அடுத்து ஆயில். டாட் 4 வகை என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே டாட் 4-க்குத் தரம் கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-உம் 140-உம். சிங்கப்பூரின் ஈரக்காற்றில், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் வருடக்கணக்காக நிற்கும் காரில் அந்த எண் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் நாம் எந்தக் காலத்தில் டிஸ்க்கைச் சிவக்க வைத்தோம்?

தம்பி பேட் மாற்றிய ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். பேட் இருந்தது, கூலி இருந்தது, டப்பாவில் ஆயில் நிரப்பியது இருந்தது. பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிது விட்டதாக வரி இல்லை. கடையில் கேட்டாராம், "தேவைப்படாது" என்றார்களாம். பட்டறையைத் திட்டிப் பயனில்லை. டிராக்குக்குப் போகிறேன் என்று சொன்னாரா இல்லையா என்பதே இருவருக்கும் ஞாபகமில்லை.

இப்போது அந்த நல்ல பேட் விஷயம். காரோடு வந்த கம்பெனி பேட் இருந்திருந்தால் சூடு ஏறும்போது அதுதான் முதலில் தோற்றிருக்கும். வாசனை வரும், புகை வரும், கார் நிற்க நேரமெடுக்கும், ஆனால் பெடல் இருக்கும். ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். நல்ல பேட் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டது. அது கடைசிவரை கடித்துக்கொண்டே இருந்தது, அதனால் சூடும் ஏறிக்கொண்டே இருந்தது, அடுத்த பலவீனமான இடமான ஆயிலில் போய் வெடித்தது. பேட் மட்டும் உயர்த்தி ஆயிலை விட்டுவைப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசம் என்பேன். 86 அக்கா இதை ஒத்துக்கொள்ளவில்லை. பேட் தோற்றாலும் அதே சரளைதான் என்பது அவர் வாதம். எனக்கென்னவோ மெல்லத் தோற்கும் பொருளோடு பிழைப்பது சுலபம்.

இதற்கெல்லாம் மேல் பிட்டில் நின்ற அந்தச் சில நிமிடங்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை டிஸ்க்கின் மேல் காற்று அடிக்கிறது. நின்றவுடன் காற்றும் நின்றது. பழுக்கக் காய்ந்த டிஸ்க்கின் மேல் பேடைப் பிடித்து அழுத்திக்கொண்டே தம்பி பெல்ட்டைக் கழற்றினார். பிறகு ஹேண்ட்பிரேக் பின் டிஸ்க்கைப் பிடித்தது. சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் ஏற அது போதும். ஓய்வு என்று நாம் நினைத்த நேரத்தில்தான் ஆயில் மேலும் சூடானது. அத்தான் ஏறும்போதே காலிப்பர் விளிம்பில் இருந்தது என்று நான் நம்புகிறேன். புது ஆள் என்பதால், கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பியை அணைக்காமல் விட்டிருந்தார்கள், அது சரியான முடிவு. ஆனால் அது சக்கரத்தைத் தனித்தனியாகப் பிடித்துப் பிடித்து விடுவதால் கொஞ்சம் சூட்டையும் சேர்த்திருக்கும். சின்னக் காரணம்தான், எழுதி வைக்கிறேன்.

கைமாறும்போது தொலைந்தது

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் ஆயில்கூட இல்லை, ஆள்மாற்றம்தான்.

மாலையில் தம்பியிடம் கேட்டோம்: உங்கள் செஷனில் பெடல் எப்படி இருந்தது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கடைசிச் சுற்றில் முதல் வளைவில் லேசாக நீளமாகப் போன மாதிரி இருந்தது, என் கால்தான் அசந்துவிட்டது என்று நினைத்தேன் என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது தகவல் என்று தெரியவில்லை. அடுத்து இன்னொரு செஷன் அவரே ஓட்டியிருந்தால் அந்த உணர்வு அவர் காலிலேயே தங்கி, இரண்டாவது முறை வரும்போது சந்தேகமாக மாறியிருக்கும். ஆள் மாறியதால் அந்த ஞாபகம் அவரோடு இறங்கிப்போனது. அத்தானுக்கு அந்தக் கார் பழக்கமில்லை. வழக்கமான பெடல் எது என்று அவருக்கு அளவுகோலே கிடையாது. 9-ஆம் வளைவில் ஆழமாகப் போனபோது, டிராக்கில் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாராம்.

ஜிபிஎஸ் பதிவும் இதையே காட்டியது. தம்பியின் செஷனில் சுற்றுக்குச் சுற்று அவர் 15-க்கு பிரேக் பிடிக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆனால் வளைவுக்குள் நுழையும் வேகம் அதேதான். அதாவது கார் நிற்க அதிகத் தூரம் கேட்கிறது, கால் அதை அறியாமலேயே ஈடுகட்டுகிறது. ஓட்டியவரைக் கேட்டால், அன்று நிதானமாக ஓட்டினேன் என்பார்.

ஆறிய பெடல்

சரளையிலிருந்து வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. அரைமணி கழித்து அத்தான் காரில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

"மாப்ளே, இங்க பாரு, நல்லா நிக்குது. மத்தியானம் மெதுவா ரெண்டு சுத்து போயிட்டு வந்துடலாம்."

தம்பியும் அரைமனசாகத் தலையாட்டினார். காசு கட்டியிருக்கிறது, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. சிவிக் அண்ணன்தான் தடுத்தார்.

"தம்பி, இப்ப நிக்கிறது உண்மைதான். சூடானா மறுபடியும் போகும். ஆயிலை எடுத்துப் பாத்துட்டு அப்புறம் பேசலாம். ராத்திரி இதே கார்லதானே வீட்டுக்குப் போகணும்?"

கடைசிக் கேள்வி வேலை செய்தது. அண்ணன் எப்போதும் கார் பூட்டில் ஒரு போத்தல் புது ஆயில் வைத்திருப்பார். தண்ணீர்ப் போத்தல் மூடியில் ஓட்டை போட்டு, தெளிவான ரப்பர் குழாயைச் செருகி, காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் திருகாணியில் மாட்டினார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, அண்ணன் திருகாணியைத் திறந்து மூட, முன் வலது காலிப்பரிலிருந்து குழாயில் வந்தது கருப்பேறிய பழுப்பு நிறம், நடுநடுவே ஊசிமுனைக் குமிழிகள். நாலு சக்கரத்திலும் புது ஆயில் நிறம் வரும்வரை எடுத்தார்கள். வெயில் தலைக்கு மேல், தரை கொதிக்கிறது, அத்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஸ்விஃப்ட் அன்று மறுபடி களத்தில் இறங்கவில்லை. மூன்று மணிக்கு மழை வேறு பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் மத்தியான இடிமழை எப்போதும் கணக்கில் வைக்க வேண்டிய விஷயம். திரும்பும்போது சிவிக் முன்னால், ஸ்விஃப்ட் நடுவில், 86 பின்னால் என்று நெடுஞ்சாலையில் 110-க்குள் வந்து, பாகோ ஓய்விடத்தில் நின்று பெடலைப் பார்த்துவிட்டுத்தான் துவாஸுக்கு வந்தார்கள்.

பம்பர் செலவு முழுக்கக் கைக்காசு. சிங்கப்பூர் கார் காப்புறுதி மலேசியாவுக்கும் செல்லும் என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கிறோம். அது சாலைக்கு. பந்தயம், வேகச் சோதனை, களத்தில் ஓட்டுவது எல்லாம் பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். அவரவர் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். இரண்டு ஓட்டுநர் என்றால், இடித்தால் யார் கொடுப்பது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். அத்தானும் மச்சானுமாக இருந்ததால் இந்த முறை பாதிப் பாதி என்று சிரித்துக்கொண்டே தீர்ந்தது. அலுவலக நண்பர்களாக இருந்திருந்தால் எனக்குத் தெரியாது.

அடுத்த பயணம்

தேக்காவில் உட்கார்ந்து பேசியதில் முடிவானவை இவை. எல்லாவற்றுக்கும் எல்லாரும் தலையாட்டவில்லை.

ஒரு காரை இருவர் ஓட்டினால் இருவரும் ஒரே குழுவில்தான் பேர் கொடுக்க வேண்டும், செஷனை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முதல் மணி ஒருவர், அடுத்த மணி இன்னொருவர். காருக்கு 20 நிமிட ஓட்டம், 40 நிமிட ஓய்வு, மற்ற எல்லாக் கார்களையும் போல. ஆளுக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடுகிறதே என்று அத்தான் கேட்டார். ஆமாம், பாதியாகிறது. கட்டணத்திலும் பாதிதானே கொடுக்கிறோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: இருவரில் ஒருவர் புதியவர் என்றால் இருவரும் சி குழுவுக்கு இறங்க வேண்டும். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை; புது ஆளை பி குழுவுக்கு ஏற்றுவது வழியே இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்குள் பிரேக் ஆயில் முழுசாக மாற்றியிருக்க வேண்டும், உலர் கொதிநிலை (ஈரம் சேராத புது ஆயிலின் கொதிநிலை) 300 டிகிரியைத் தாண்டியதாக இருக்க வேண்டும். டப்பா நிரப்பியது கணக்கில்லை. பட்டறையில் "டிராக்குக்குப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேடை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறவர்களை சிவிக் அண்ணன் பிட்டிலேயே நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் செய்வார்.

கொடி விழுந்த பிறகு ஒரு முழுச் சுற்று பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வர வேண்டும். வந்து நின்றதும் காலை எடுத்துவிடுங்கள், ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தியபின் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை. கட்டை நான்கு ஜோடி எம்எக்ஸ்-5 மாமா கொண்டுவருகிறார்.

ஆள் மாறும்போது இறங்குகிறவர் சொல்ல வேண்டியதை 86 அக்கா தன் டயர் நோட்டிலேயே ஒரு பக்கம் கோடு போட்டுத் தயார் செய்துவிட்டார்: பெடல் எங்கே நின்றது, ஏதாவது வாசனை, எந்த வளைவில் சந்தேகம், டயர் அழுத்தம் சூட்டில் எவ்வளவு. எழுதாமல் அடுத்தவர் ஏறக்கூடாது. இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று ஒரு முணுமுணுப்பு வந்தது. வரட்டும். "என் கால்தான் அசந்துவிட்டது" என்ற வரி அந்த நோட்டில் இருந்திருந்தால் ஸ்விஃப்ட் அத்தானோடு அப்போது வெளியே போயிருக்காது.

புது ஓட்டுநர்களுக்கு ஒரே கட்டளை: பெடல் ஒரு முறை ஆழமாகப் போனால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓரமாக, அந்தச் சுற்றிலேயே பிட்டுக்கு வாருங்கள். சும்மா வந்தீர்கள் என்று யாரும் கிண்டல் செய்யக்கூடாது. இதில் நம் ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, கார்களைப் பற்றி இல்லை.

நாள் இன்னும் முடிவாகவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் வேண்டாம் என்று வீடுகளிலிருந்து தகவல் வந்துவிட்டது, பள்ளி விடுமுறையில் எல்லை நெரிசல். அதனால் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பார்க்கிறோம். அத்தான் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டார். தம்பியும் சி குழுவில் கொடுத்திருக்கிறார், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இன்னும் இரண்டு காருக்கு இடம் இருக்கிறது. வர நினைப்பவர்கள் ஆயில் மாற்றிய ரசீதோடு சிவிக் அண்ணனிடம் பேசுங்கள்.